கடலைச் செடியின் கழுத்து: புதிதாகப் பயிரிடுவோர் தண்டை அறுத்துப் பார்த்துப் பழகும் முறை

நிலக்கடலை போட்டு ஒரு மாதம் ஆனதும் புதியவர்கள் என்னிடம் எடுத்து வருவது இலையைத்தான். மஞ்சளடித்திருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா, புழு கடித்திருக்கிறதா என்று கேட்பார்கள். இலையைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கடலையில் பெரும்பாலான சங்கதி நடப்பது தரையை ஒட்டிய நான்கு விரல் உயரத்தில். மண்ணுக்குக் கீழே இரண்டு விரல், மேலே இரண்டு விரல். எங்கள் பக்கம் அதைக் கழுத்து என்போம். முதல் கிளைகள் பிரிவது அங்கே. மண்ணுக்குள் போய்க் காயாகும் முதல் விழுது இறங்குவது அங்கே. அழுகல் பிடிப்பதும், அறுவடையில் கை வைத்து இழுப்பதும் அங்கேதான். அந்த இடத்தைப் படிக்கத் தெரிந்தால் உரம், தண்ணீர், மண் அணைப்பு எல்லாவற்றையும் ஏன் செய்கிறோம் என்று தெரிந்து செய்யலாம். அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் இதை மல்லாட்டை என்பார்கள். கொங்குப் பக்கம் கடலைக்காய், யாழ்ப்பாணத்தில் கச்சான். இந்தக் கட்டுரை முழுக்கக் கடலை என்றே எழுதுகிறேன்.

தேவையான சாமான் அதிகமில்லை. புது ஷேவிங் பிளேடு, 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ், கண்ணாடி டம்ளர், ஒரு புட்டி சிவப்பு மை, கொக்கி வைத்த சிறிய தொங்கு தராசு, ஸ்கேல், ஒரு கேரட், ஒரு நோட்டு. கொல்லையில் ஓர் ஓரமாக ஐந்தாறு சால்களை (விதைத்த வரிசைகளை) இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அந்தச் சாலில் உள்ள செடிகளைப் பிடுங்கத் தயங்கக் கூடாது. ஒரு ஏக்கரில் இருபது முப்பது செடி போவதால் நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.

விதை வாங்கும்போதே செடியின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடலையில் கொத்து ரகம், கொடி ரகம், இரண்டுக்கும் நடுவில் அடர் கொடி ரகம் என்று உண்டு. தமிழ்நாட்டில் இப்போது பெரும்பாலும் பயிராவது கொத்து ரகம். டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்கள் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் வந்தவை, வி.ஆர்.ஐ. என்றால் விருத்தாசலம். கொத்து ரகத்தில் நடுத்தண்டும் கிளைகளும் நிமிர்ந்து நிற்கும், நடுத்தண்டிலும் பூ வரும். காய் முழுக்க அடியில் கொத்தாகப் பிடிக்கும். கொடி ரகத்தில் கிளைகள் தரையில் படரும், நடுத்தண்டில் பூ வராது, காய் பரவலாக இருக்கும்.

தண்டு பலத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், கொடி ரகத்தின் பாரத்தை மண் தாங்கிக்கொள்கிறது. கொத்து ரகத்தில் இலை, கிளை, மழைநீர் எல்லாவற்றின் பாரமும் கழுத்தில் இறங்குகிறது. ஆகவே கீழே சொல்லப்போகும் சோதனைகள் கொத்து ரகத்துக்குத்தான் அதிகம் பொருந்தும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: கொத்து ரக விதைக்கு உறக்கம் கிடையாது. அறுவடை தள்ளிப்போய் மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

பத்தாம் நாள்: வெள்ளைத் தண்டை அளங்கள்

பத்தாம் நாளில் ஐந்து நாற்றை மண்ணோடு தோண்டி எடுத்து, டம்ளர் தண்ணீரில் அலசுங்கள். பிடுங்க வேண்டாம், வேர் அறுந்துவிடும். மேலே பச்சைக் குருத்து. அதன் அடியில் பருப்பின் இரண்டு பாதிகள் தடித்து விரிந்திருக்கும், இவைதான் வித்திலைகள். அவரை முளைப்பதுபோல் இவை உயரத் தூக்கப்படுவதில்லை, துவரைபோல் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுவதும் இல்லை. தரைமட்டத்தில் பாதி தெரிந்தும் தெரியாமலும் நிற்கும். அவற்றுக்குக் கீழே வெள்ளையாக, சுண்டுவிரலில் பாதி கனத்தில் ஒரு தண்டு. அதற்கும் கீழே ஆணிவேர்.

அந்த வெள்ளைத் தண்டுதான் கழுத்தின் தொடக்கம். மண்ணைப் பிளந்து வித்திலையை மேலே தள்ளுவது அதுதான். விதை எவ்வளவு ஆழத்தில் விழுந்ததோ அவ்வளவு நீளம் அது வளர்ந்தாக வேண்டும். 4 முதல் 5 சென்டிமீட்டர் இருந்தால் சரி. 7, 8 என்று காட்டினால் விதை ஆழத்தில் விழுந்திருக்கிறது. தன்னிடமிருந்த சேமிப்பையெல்லாம் நீளுவதிலேயே செலவழித்த நாற்று அது. கழுத்து மெலிந்திருக்கும், மண்ணிலிருக்கும் பூஞ்சைக்கு அது அகப்படும் நீளமும் கூடியிருக்கும்.

நான் கடலை போட ஆரம்பித்த மூன்றாம் வருடம், டிராக்டரில் பூட்டிய விதைக்கருவியின் ஆழத்தைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டேன். கொல்லையில் பாதி 8 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போயிருந்தது. முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. இருபது நாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாடத் தொடங்கியது. பிடுங்கினால் கழுத்தில் கரிப்பொடி பூசியதுபோல் கறுப்பு. அது கழுத்தழுகல், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையின் வேலை. ஆழம் சரியாக விழுந்த மறுபாதியில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செடி போனது. அன்றிலிருந்து விதைக்கருவி முதல் நாலு சால் ஓடியதும் நிறுத்தச் சொல்லி, மண்ணைக் கிளறி ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் மேலே ஓட்டவிடுவதில்லை.

விதை நேர்த்தியும் இந்தக் கழுத்தைக் காப்பாற்றத்தான். கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா 10 கிராம் கலந்து விதையுங்கள். கலக்கும்போது பருப்பின் சிவப்புத் தோல் உரியாமல் மெதுவாகப் புரட்டுங்கள். தோல் உரிந்த பருப்பு கழுத்தழுகலுக்குச் சுலபமான இரை.

இருபதாம் நாள்: அந்த இரண்டு கிளைகள்

இப்போது ஒரு செடியைத் தோண்டி எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு பாருங்கள். தரைமட்டத்தில், வித்திலை இருந்த இடத்திலிருந்து எதிரெதிராக இரண்டு கிளைகள் கிளம்பியிருக்கும். நடுத்தண்டின் இரு பக்கமும் கை விரித்ததுபோல. கொத்து ரகத்தில் காயின் பெரும்பங்கு பிடிப்பது இந்த இரண்டு கிளைகளின் அடிக்கணுக்களில்தான். மேலே வரும் மற்றக் கிளைகள் எல்லாம் இவற்றுக்கு அடுத்துத்தான்.

இந்தக் கிளைகளைக் கெடுப்பது நாம்தான், அதுவும் முதல் களை வெட்டும்போது. களைக்கொத்தியால் மண்ணை இழுத்துச் செடியின் மேல் போட்டுவிடுகிறோம். மண்ணில் புதைந்த கிளை வெளுத்து, மெலிந்து, வெளிச்சத்தைத் தேடி நீளுகிறது. அதில் பூ தள்ளிப்போகும், குறையும். ஆகவே முதல் களையில் மண்ணைச் செடிக்கு எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்லுங்கள். களைக்கொத்தி செடியிலிருந்து நாலு விரல் தள்ளி விழட்டும். களை எடுக்க வருபவர்களிடம் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டி, "இந்த ரெண்டு கைதான்மா காய் வைக்கிறது, இது மேல மண்ணு விழக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் சொல்லவே தேவையிருக்காது.

வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் வேலை நடக்கிறது என்று பொருள். மேற்கொண்டு யூரியா அள்ளிப் போட வேண்டிய அவசியம் இல்லை. இந்த யூரியா சமாசாரத்துக்குத் திரும்ப வருவேன்.

முப்பத்தைந்தாம் நாள்: பிளேடும் சிவப்பு மையும்

ஒரு நல்ல செடியைக் காலையில் வேரோடு எடுத்து வாருங்கள். கழுத்துக்குக் கீழே வேரை வெட்டிவிட்டு, மையைத் தண்ணீரில் கலந்த டம்ளரில் உடனே நிறுத்தி வெயில்படும் திண்ணையில் வையுங்கள். வெட்டும்போது வெட்டுமிடத்தைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டினால் குழாய்களுக்குள் காற்று புகாது. இரண்டு மணி நேரத்தில் இலை நரம்பில் சிவப்பு ஏறத் தொடங்கும். இப்போது எடுத்து மூன்று இடத்தில் குறுக்கே அறுக்க வேண்டும்: நுனியிலிருந்து மூன்று கணு கீழே, நடுவில், அப்புறம் கழுத்தில். மெல்லிய தண்டு பிளேடுக்கு நசுங்கும். கேரட்டை நீளவாக்கில் பிளந்து, நடுவில் தண்டை வைத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேரட்டோடு சேர்த்துச் சீவுங்கள். தாள் கனத்தில் வில்லை வரும்.

நுனிப்பக்க வில்லையை லென்ஸில் பாருங்கள். வட்டமாக இருக்காது, கோணல்மாணலாக மூலைகள் தெரியும். மேலே மயிர் இருக்கும். உள்ளே வெள்ளையாகப் பஞ்சுபோல் நிறைந்திருப்பது பித். அதைச் சுற்றித் தனித்தனியாகச் சிவப்புப் புள்ளிகள். மை ஏறிய அந்தப் புள்ளிகள்தான் சைலம், தண்ணீர்க் குழாய்க் கட்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிப்பக்கம், மை ஏறாமல், இலை செய்த சர்க்கரையைக் கீழே இறக்கும் புளோயம் இருக்கிறது. அதற்கும் வெளியே தொப்பி கவிழ்த்ததுபோல் நார்ச் செல்கள். இந்த வயதில் இந்தப் பகுதி விறைப்பாக நிற்பது பெரும்பாலும் தண்ணீரால்தான். செல்லுக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும்வரை நிற்கும், குறைந்தால் தொங்கும். மதிய வெயிலில் நுனி துவண்டு சாயங்காலம் நிமிர்வது இதனால்தான்.

கழுத்து வில்லை வேறு உலகம். மூலைகள் மறைந்து உருண்டையாகியிருக்கும். தனிப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சிவப்பு வளையமாகியிருக்கும். சைலத்துக்கும் புளோயத்துக்கும் நடுவிலுள்ள கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு, உள்பக்கம் புதுப் புது சைலத்தை அடுக்கிக்கொண்டே போவதால் வந்த வளையம் அது. மரம் பருப்பதும் இப்படித்தான். இந்த வளையத்தின் செல்சுவரில் லிக்னின் ஏறியிருக்கிறது. செல்லுலோஸ் இழைகள் கம்பி என்றால் லிக்னின் அதைச் சுற்றி ஊற்றிய சிமென்ட். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழுத்து நிற்பது இதனால். பிளேடு இங்கே இறங்கும்போது கையில் ஒரு நறநறப்பு தெரியும். நுனியில் வெள்ளரிக்காய் வெட்டுவதுபோல் இருந்தது, இங்கே அப்படி இருக்காது. அந்த நறநறப்புதான் நீங்கள் தேடுவது. முப்பத்தைந்து நாளில் அது இல்லையென்றால் செடி வேகமாக நீண்டிருக்கிறது, தண்டில் வலு ஏறவில்லை.

இதே சோதனையை அறுபதாம் நாள் மறுபடி செய்தால் ஒரு விஷயம் புதியவர்களைப் பயமுறுத்தும். தண்டு நடுவில் பொள்ளலாக இருக்கும். துளைப்பான் புகுந்துவிட்டது என்று மருந்துக்கடைக்கு ஓடிவிடாதீர்கள். கடலைத் தண்டு இளசில் நிறைவாக இருந்து, முதிரும்போது உள்ளேயிருக்கும் பித் சிதைந்து பொள்ளலாவது இயற்கை. புழு புகுந்த தண்டில் உள்சுவர் கரடுமுரடாக இருக்கும், மரத்தூள்போல் எச்சம் இருக்கும், வெளியே துளையும் தெரியும். இயற்கையான பொள்ளல் சுத்தமாக, வெள்ளையாக இருக்கும்.

பொள்ளலானால் பலம் போய்விடாதா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். வளைவதை எதிர்க்கும் விறைப்பு, விட்டத்தின் நாலாம் மடிப்படி கூடும். வெளிவிட்டம் 6 மில்லிமீட்டர், உள்ளே 3 மில்லிமீட்டர் பொள்ளல் என்று வையுங்கள். பொள்ளலால் இழந்த விறைப்பு பதினாறில் ஒரு பங்குதான். ஆனால் அதே தண்டு 6க்குப் பதில் 5 மில்லிமீட்டர் கனம்தான் வளர்ந்தது என்றால், விறைப்பு பாதியாகிவிடும். அதனால் நடுவில் ஓட்டை இருக்கிறதா என்று கவலைப்படுவதைவிடக் கழுத்தின் சுற்றளவைக் கூட்டுவது எப்படி என்று யோசிப்பதில்தான் பலன்.

பலத்தை அளப்பது

கண்ணால் பார்ப்பது பழகும்வரை தராசு உதவும். ஐம்பதாம் நாளில் ஒரு தடவை, எழுபத்தைந்தாம் நாளில் ஒரு தடவை போதும். தண்ணீர் விட்ட மறுநாளோ மழைக்கு மறுநாளோ வேண்டாம். கால் வைத்தால் சேறு ஒட்டாத ஈரத்தில் செய்யுங்கள்.

நடுத்தண்டில் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் மெல்லிய துணிப்பட்டை ஒன்றைச் சுற்றி, தராசின் கொக்கியை அதில் மாட்டி, தரைக்கு இணையாக மெதுவாக இழுங்கள். தண்டு நேர்நிலையிலிருந்து பாதிக்குச் சாயும்போது தராசு காட்டும் கிராமை எழுதிக்கொள்ளுங்கள். விட்டதும் செடி தானாக நிமிர்கிறதா என்று பாருங்கள். பத்துச் செடியில் செய்து சராசரி எடுங்கள். கூடவே செடியின் உயரம், கழுத்தின் விட்டம், நடுக்கணுக்களுக்கு இடையிலான நீளம் மூன்றையும் குறியுங்கள்.

இந்த எண்ணை வேறு ஊர்க் கொல்லையோடு ஒப்பிட வேண்டாம். ரகம், மண், ஈரம் எல்லாம் மாறும். உங்கள் கொல்லையிலேயே நெருக்கமான இடம், இடைவெளி விட்ட இடம், வாய்க்கால் ஓரம், மேட்டுப்பகுதி என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் வாய்க்கால் ஓரச் செடி உயரமாகவும் செழிப்பாகவும் இருக்கும், தராசில் குறைவாகக் காட்டும். கணுவிடை நீண்டிருக்கும். காண்பதற்கு அழகாக இருக்கும் செடியைப் பார்த்து ஏமாறாமலிருக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இழுக்கும்போது தண்டு வளையாமல் செடி முழுசும் வேரோடு ஆடுகிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படி ஆடினால் குறை தண்டில் இல்லை, வேரின் பிடியில் இருக்கிறது. மண் பொலபொலவென்று இருக்கலாம், வேர்ப்புழு இருக்கலாம், ஆணிவேர் கடினப் படுகையில் முட்டி மடங்கியிருக்கலாம். ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்டு மெலிவது எதனால்

நான் பார்த்தவரை நான்கு காரணம். முதலாவது நெருக்கம். சாலுக்குச் சால் 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு 33 செடி. ஒரு குழியில் இரண்டு மூன்று பருப்பு விழுந்தால் செடிகள் ஒன்றின் நிழலில் ஒன்று நின்று வெளிச்சத்துக்கு நீளும். நிழலில் நீளும் தண்டுக்கு லிக்னின் குறைவு.

இரண்டாவது, யூரியா. இலை கொஞ்சம் வெளுத்ததும் யூரியா தூவுகிறார்கள். மழை பிடித்தால் நெடுநெடுவென்று வளர்ந்துவிடும், தண்டு தண்ணீராக இருக்கும். வேர்முடிச்சும் சோம்பிவிடும். இறவைக் கடலைக்கு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதிலேயே தழைச்சத்தைவிடச் சாம்பல்சத்து (பொட்டாஷ்) அதிகம் என்பதைக் கவனியுங்கள். பொட்டாஷை விட்டுவிட்டு யூரியாவை மட்டும் போடுவது தலைகீழ் வைத்தியம். மண் பரிசோதனை செய்து, அதன்படி பொட்டாஷை அடியுரமாகவே போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ஆரம்பத்தில் அளவுக்கு மீறிய தண்ணீர். விதைத்த சில நாளில் உயிர்த்தண்ணீர் விட்ட பிறகு பூ எடுக்கத் தொடங்கும்வரை அவசரப்படாதீர்கள். கொஞ்சம் தாகம் இருந்தால் வேர் ஆழமாகப் போகும், செடி குட்டையாகக் கட்டும், பூவும் ஒருசேர வரும். மணல் அதிகமான நிலமென்றால் செடி வாடிப்போகும் அளவுக்கு விடக் கூடாது, அது உங்கள் கண் பழக்கம். நான்காவது தென்னை, பனை நிழல். அதற்கு அந்த இடத்தில் கடலை போடாமலிருப்பதே நல்லது.

சீனாவில் ஷான்டாங் போன்ற கடலைப் பகுதிகளில் நெருக்கமாகவும் உரம் கூட்டியும் பயிரிடுவதால் செடி சாய்வது பெரிய பிரச்சினை. வளர்ச்சியை அடக்கும் பாக்ளோபியூட்ரசால் போன்ற மருந்தைத் தெளித்து உயரத்தைக் குறைக்கிறார்கள். அது மண்ணில் நீண்ட நாள் தங்கும் மருந்து. இங்கே ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதன் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. இடைவெளியையும் யூரியாவையும் சரிசெய்தாலே நம் கொத்து ரகங்கள் நிற்கும்.

நாற்பதாம் நாள்: விழுது

ஒரு தடவையாவது விடியற்காலையில் கொல்லைக்குப் போய்க் கடலைப் பூவைப் பாருங்கள். மஞ்சள் பூவுக்குக் கீழே நீளமாகத் தெரிவது காம்பு இல்லை, குழல். சூல்பை அதன் அடியில், இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கிறது. பூ அன்று மதியத்துக்குள் வாடிவிடும். தன் மகரந்தத்திலேயே கருவுற்று, அடுத்த வாரத்தில் அந்தக் கக்கத்திலிருந்து ஊதா நுனியோடு ஊசிபோல் ஒன்று நீளும். அதுதான் விழுது. வேர்போல் கீழே போனாலும் அதன் உள்ளமைப்பு தண்டின் அமைப்புதான். கல்லூரி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் தண்டில் பார்த்த அதே வளையம் தெரியும். நுனியில் சூல்பையைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் 4 முதல் 7 சென்டிமீட்டர் போய், படுக்கைவாக்கில் திரும்பி, இருட்டில்தான் காயாகப் பருக்கும்.

தண்டு பலம் இங்கே வேறு விதமாகக் கணக்காகிறது. தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேலே இருக்கும் கணுவிலிருந்து புறப்பட்ட விழுது பெரும்பாலும் மண்ணை எட்டுவதற்குள் காய்ந்துவிடும். 15 சென்டிமீட்டருக்கு மேல் என்றாலே சந்தேகம்தான். கணுவிடை நீண்ட செடியில் அந்த உயரத்துக்குள் இருக்கும் கணுக்கள் குறைவு, காயும் குறைவு. குட்டையான, கழுத்துப் பருத்த செடியில் பல கணுக்கள் மண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இதற்காகத்தான் 40 முதல் 45 நாளுக்குள் இரண்டாம் களையோடு மண் அணைக்கிறோம். விழுதுக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கிறோம், அவ்வளவுதான். சாலின் இரு பக்கமும் மண்ணை ஏற்றுங்கள். ஆனால் கிளைகள் பிரியும் கவைக்குள் மண்ணைக் கொட்டி மூடாதீர்கள். மூடிய கழுத்தில் ஈரம் நிற்கும், அழுகல் பிடிக்கும். ஒரு செடியில் நீங்களே அணைத்துக் காட்டி, கவை வெளியே தெரிய வேண்டும் என்று அளவு சொல்லுங்கள். சில ஊர்களில் காலி டிரம்மைச் செடி மேல் உருட்டிக் கிளைகளைத் தரையோடு படியவைப்பார்கள். விழுது மண்ணுக்கு அருகே வரும் என்பது உண்மைதான். ஆனால் கொத்து ரகத்தில் நசுங்கிய அடித்தண்டு நோய்க்கு வாசல் திறந்துவிடும் என்பதால் நான் செய்வதில்லை.

மண் அணைக்கும்போதே சுண்ணாம்புச்சத்துக்காக ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுங்கள். இதற்கும் தண்டின் அமைப்புதான் காரணம். சிவப்பு மை எங்கே போனது என்று பார்த்தீர்களே, இலைக்கு. சுண்ணாம்புச்சத்தும் அந்தத் தண்ணீரோடுதான் பயணம் செய்யும். இலை நீராவி விடுவதால் தண்ணீர் அங்கே இழுக்கப்படுகிறது. மண்ணுக்குள் இருக்கும் காய் நீராவி விடுவதில்லை, அதனால் வேர் எடுத்த சுண்ணாம்பு காய்க்குப் போய்ச் சேர்வதில்லை. காயும் விழுதும் தங்களைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அடியுரமாக ஆழத்தில் போட்டது இந்த வேலைக்கு உதவாது. காய் இருக்கும் அந்த நாலு விரல் மண்ணில் ஜிப்சம் இருக்க வேண்டும், அங்கே ஈரமும் இருக்க வேண்டும். தவறினால் ஓடு பெரிதாக இருந்து உள்ளே பொக்காக இருக்கும்.

45 நாளுக்கு அப்புறம் கொத்து, களைக்கொத்தி எதுவும் சாலுக்குள் போகக் கூடாது. களை தெரிந்தால் கையால் மெதுவாக இழுத்து எடுங்கள். விழுது அறுந்தால் அந்தக் காய் போனது போனதுதான்.

அறுபது நாளுக்கு மேல்: கழுத்தை விலக்கிப் பாருங்கள்

இலை மூடிவிட்ட பிறகு கழுத்து கண்ணில் படாது. வாரம் ஒரு தடவை, ஐந்தாறு இடத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் செடியை விலக்கி அடியைப் பாருங்கள். வெள்ளை நூல்போல், பஞ்சு இழைபோல் கழுத்தைச் சுற்றி ஏறியிருந்தால், கடுகுபோல் பழுப்பு உருண்டைகள் கிடந்தால், அது தண்டழுகல். ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி என்ற பூஞ்சை. ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து திசுவைக் கொன்றுவிட்டு அதைத் தின்னும். நீங்கள் லென்ஸில் பார்த்த வளையம் நார் நாராகப் பிரிந்துவிடும். இழுத்தால் செடி கழுத்தோடு அறுந்து கையில் வரும், காய் முழுசும் மண்ணுக்குள் நிற்கும்.

வந்த இடத்தில் செடியையும் சுற்றியுள்ள மண்ணையும் அள்ளி வெளியே கொண்டுபோய்விடுங்கள். தண்ணீரைக் குறையுங்கள். உதிர்ந்த இலைக்குப்பை கழுத்தைச் சுற்றிக் குவிந்திருந்தால் விலக்குங்கள். இந்தப் பூஞ்சை முதலில் பிடித்துக்கொள்வது அந்தக் குப்பையைத்தான். அடுத்த பட்டத்தில் உழவுக்கு முன் டிரைக்கோடெர்மாவை மக்கிய தொழுவுரத்தில் கலந்து பெருக்கிப் போடுவது, அதே நிலத்தில் திரும்பக் கடலை போடாமல் கம்பு, சோளம் மாற்றிப் போடுவது இரண்டும் பலன் தரும்.

நுனியிலிருந்து தண்டு கறுத்துக் கருகிக்கொண்டு கீழே இறங்கினால் அது வேறு. தண்டு நசிவு, வைரஸ். 2000ஆம் ஆண்டு ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் லட்சக்கணக்கான ஏக்கரில் கடலையைக் காலி செய்தது அது. பார்த்தீனியம் பூவின் மகரந்தத்தில் வைரஸ் இருக்கும், இலைப்பேன் அதைச் செடிக்குக் கொண்டுவரும். வரப்பில் பார்த்தீனியம் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். இதில் கழுத்து நன்றாக இருந்தும் செடி சாகும், ஆகவே குழம்ப வேண்டாம்.

அறுவடை: விழுதின் பிடி

நூறு நாள் நெருங்கும்போது ஐந்து செடியைத் தோண்டிக் காயை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு, பழுப்பும் கறுப்புமாக மாறியிருந்தால் முதிர்ச்சி. நாலில் மூன்று காய் கறுத்திருந்தால் பிடுங்கலாம்.

அப்போதே விழுதையும் இழுத்துப் பாருங்கள். ஒரு கையில் காயை, மறு கையில் கிளையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் நல்ல விழுது கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் அறும். தொட்டதும் விட்டால் விழுது நைந்துவிட்டது. முதிர்ச்சி கடந்த செடியிலும், இலைப்புள்ளி, துரு அடித்து இலை கொட்டிய செடியிலும் விழுது சீக்கிரம் நைகிறது. இலை முக்கால்வாசி கொட்டிவிட்டது என்றால் இரண்டு நாள் முன்னதாகப் பிடுங்குவதே லாபம். மண் இறுகிக் கிடந்தால் லேசாகத் தண்ணீர் காட்டி, ஈரம் இளகியதும் பிடுங்குங்கள். கழுத்தைத் தரையோடு சேர்த்துப் பிடித்து நேர் மேலாக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் கிளை மட்டும் வரும்.

காய் ஆய்ந்த பிறகு கொடியை மாட்டுக்குப் போடுவோம். இலை உதிராமல் நிழலில் உணர்த்திய கொடிதான் நல்ல தீவனம். மறுநாள் காலையில் தொட்டியைப் பாருங்கள். இலையையும் இளந்தண்டையும் தின்றுவிட்டு, லிக்னின் ஏறிய கட்டைக் கழுத்தை மாடு ஒதுக்கி வைத்திருக்கும். தண்டழுகல் வந்த கொல்லையின் கொடி என்றால் அந்தக் கட்டைகளைக் குப்பைமேட்டில் போடாதீர்கள், அடுப்புக்குப் போடுங்கள். அந்தக் கடுகு உருண்டைகள் எருவோடு சேர்ந்து அடுத்த வருடம் மறுபடி கொல்லைக்கே வந்துவிடும்.